மஞ்சள் முடிச்சுக்குள் ஹூயா

திருப்பதி நாணயப் பிரியர் சங்கத்தில் உறுப்பினர்கள் பதினோரு பேர். அதில் ஒன்பது பேர் சங்கப் பதவியில் இருப்பவர்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சைவ ஓட்டலின் மாடியில் கூடுவார்கள். கனடாவின் மேப்பிள் இலை, மெக்சிகோவின் கழுகு, தாய்லாந்தின் கோயில் என்று ஒவ்வொன்றாக வெல்வெட் துணியில் வலம் வரும். விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். காசின் முகத்தைத் தொட்டவனோடு ஒரு மாதம் பேச்சு கிடையாது. கையில் வாங்கியவர் "அடடா" என்பார். வயிறு எரிவது வெளியே தெரியாமல் அடடா சொல்லத் தெரிந்தவனே நல்ல உறுப்பினன்.

நகரியில் நான்கு பவர்லூம் ஓட்டும் தாமோதரன் அப்படிப்பட்ட நல்ல உறுப்பினர். இருபது வருஷமாகப் பிறத்தியார் காசுக்கே அடடா சொல்லித் தொண்டை வறண்டவர். போன கூட்டம் முடிந்த பிறகுதான் அவருக்கும் அடடா சொல்ல வைக்கும் காசு ஒன்று வாய்த்தது. நியூசிலாந்தின் பழைய வெள்ளிக் காசு. கிளையில் ஹூயா என்ற பறவை உட்கார்ந்திருக்கும். அந்த இனமே பூமியில் அழிந்துவிட்டது. போட்டோவை வாட்ஸப் குழுவில் போட்டார். சங்கத் தலைவர் ஜெயபிரகாஷ், சித்தூரில் ஹெட்மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர், பதில் போட்டார்: "போட்டோ யார் வேணா போடலாம். காசு வரட்டும்." அதற்கு எட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். தாமோதரன் மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிறு காலை ஆல்பத்தைத் திறந்தார். ஹூயா இருந்த இடம் காலி.

"தேவயானி, இதுல இருந்த காசு எங்க?"

மனைவி பூஜை அலமாரியைக் கை காட்டினாள். ஆணியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது.

"வேண்டிக்கினு முடிஞ்சி வச்சேன். வீட்ல ஒரு ரூபா காசு கூட இல்ல. பால்காரன்ல இருந்து எல்லாருக்கும் போன்லயே அனுப்பிக்கினு கீறோம். நீங்கதான் பொட்டி பொட்டியா வச்சிக்கினு கீறீங்களே."

தொண்ணூறு நாட்டுக் காசு இருந்த வீட்டில் சொந்த நாட்டுக் காசு ஒன்றுகூட இல்லை.

"அவுக்கட்டா?"

"பலிக்கிறதுக்கு முன்னாடி அவுத்தா சாமிக் குத்தம். பலிச்சா மலைமேல உண்டியல்."

போன மாதம் அவர் முழங்கால் வீங்கிப் படுத்திருந்தார். அதற்குத்தான் வேண்டியிருக்கிறாள் என்று நினைத்ததும் மனசு இளகிவிட்டது. அவிழ்க்காமல் முடிச்சோடே சங்கத்துக்குக் கிளம்பினார். முடிச்சை அவரை நம்பி அனுப்ப தேவயானிக்கு மனசு வரவில்லை. தானும் பஸ் ஏறினாள்.

வெல்வெட் துணியில் மஞ்சள் முடிச்சு வலம் வந்தது. பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி மணிவேல் மோந்து பார்த்து, பழக்க தோஷத்தில் "அடடா" என்றார்.

"உள்ள இருக்கிறது அஞ்சு ரூபாயாகூட இருக்கலாம். அவுருங்க தாமோதரன்காரு," என்றார் ஜெயபிரகாஷ்.

"நீங்களே அவுருங்க சார்."

தலைவரின் கை முடிச்சுவரை போனது. ஜன்னலில் மலை தெரிந்தது. கை பத்திரமாகச் சட்டைப் பைக்குத் திரும்பியது.

தாமோதரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. காசு போனாலும் போகட்டும், மானம் மிஞ்சினால் சரி. "முட்டி வீக்கம் வத்திடுச்சி. வேண்டுதல் பலிச்சாச்சி. ஒரு தபா அவுத்துக் காட்டிட்டு, நேரா மலைக்குப் போலாம் தேவயானி."

"முட்டிக்கு யாரு வேண்டினா? முட்டிக்கு டாக்டர் கீறாரு. இந்தக் காசுப் பைத்தியம் தெளியணும்னு வேண்டிக்கினேன்."

அத்தனை பேரும் தங்கள் தங்கள் காசைக் குனிந்து பார்த்தார்கள்.

"சொல்லுங்க, தெளிஞ்சிச்சா? தெளிஞ்சிச்சின்னா இப்பவே அவுக்கறேன்."

ஆமாம் என்றால் ஹூயா வெளியே வரும், பத்து அடடா விழும், சாயங்காலம் உண்டியல். இல்லை என்றால் காசு வீட்டிலேயே இருக்கும், ஆயுளுக்கும் கண்ணில் படாமல். ஜெயபிரகாஷ் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தெளியல," என்றார் தாமோதரன். அவமானமாகத்தான் இருந்தது.

அந்தச் சங்கத்தில் பேசப்பட்ட முதல் உண்மை அதுவாக இருக்கலாம். தலைவரின் சிரிப்பு நின்றது. போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனவர், தன் பூஜை அறையில் மஞ்சள் துணி ஏதாவது தொங்குகிறதா என்று மனைவியிடம் மெதுவாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

நகரி பஸ்ஸில் தாமோதரன் கை நீட்டினார். "சும்மா கையில வச்சிக்கினு வரேன்." தேவயானி பெருமூச்சு விட்டுக் கொடுத்தாள். புத்தூர் தாண்டியதும் திரும்பிப் பார்த்தாள். துணிக்கு மேலேயும் அவர் காசின் விளிம்பைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.