பட்டுக்கு மட்டும் பிரேக்

மெயின் ரோட்டில் பாலம் வேலை ஆரம்பித்ததிலிருந்து அரிசி மில் லாரியெல்லாம் எங்கள் முள்ளிப்பட்டுத் தெரு வழியாகத்தான் பறக்கிறது. அன்றிலிருந்து என் உயிர் என்னிடம் இல்லை. என் மகள் அபி ஒன்றாம் வகுப்பு. தெருவைக் கடந்தால்தான் பள்ளிக்கூடம். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவளின் புத்தகப் பையை ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. ஓட்டியவன் சின்னதுரை. கட்டையில் போகிறவன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாரமே ஆரணியில் சாலைப் பாதுகாப்பு விழா. மில்காரர் தனகோடி செலவில் பந்தல். டிரைவர்களுக்கு ரோஜாப்பூ, லட்டு, அப்புறம் உறுதிமொழி. லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டிச் சூடம் காட்டினார்கள். பிரேக்கை ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் நேராக விழாவுக்கு வந்திருந்த சாலை அதிகாரியிடம் போனேன்.

"சார், எங்க தெருவுல ஒரு வேகத்தடை போட்டுக் குடுங்க."

"அங்க எத்தன பேரும்மா செத்துருக்காங்க?"

"இன்னும் யாரும் சாவலீங்க."

"அப்ப எப்பிடிம்மா? விபத்துப் பகுதின்னு காட்டணும்ல? எதாவது நடந்தா ஒடனே மனு குடுங்க."

சொல்லிவிட்டு எனக்கும் ஒரு லட்டைக் கொடுத்தார். அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுத் திலகவதி அக்கா பாவு கட்டியிருந்தார். தறியில் ஏற்றுமுன் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சிக்கெடுப்பது எங்கள் வழக்கம். ஒரு லாரி வந்தது. நூலைக் கண்டதும் தூரத்திலேயே நின்று, சத்தமில்லாமல் ரிவர்ஸிலேயே போய்விட்டது. பாவு அறுந்தால் தெருவே லாரியை மடக்கும் என்று டிரைவர்களுக்குத் தெரியும்.

"பாத்தியாடி, பட்டுன்னா எவ்ளோ மரியாத!" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, யோசனை வந்தது.

வீட்டில் கிடந்த கழிவு நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, தினமும் பள்ளிக்கூட நேரத்தில் தெருமுனையில் பாவு மாதிரியே கட்டினேன். லாரிகள் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பின.

வெள்ளிக்கிழமை அபி என் கையை உதறிவிட்டுத் தெருவுக்குள் ஓடினாள். அதே நேரம் சின்னதுரையின் லாரி முனையில் திரும்பியது. நூலைப் பார்த்ததும் பிரேக்கில் ஏறி நின்றான். என் குழந்தைக்கு ஒரு முழம் தள்ளி லாரி நின்றது. ஐயோ என்று ஓடிப்போய் அவளை வாரி எடுத்தேன்.

சின்னதுரை வெலவெலத்துப்போய்க் குதித்தான். எங்களைத் தாண்டி ஓடி நூலைத் தடவிப் பார்த்தான்.

"பட்டுக்கு ஒண்ணும் ஆவலையேம்மா?"

"அது பட்டு இல்லடா. வேஸ்ட் நூலு."

"அடச்சே! ஜல்தியா வந்துகினு இருந்தேன், இதுக்கா பிரேக் போட்டேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டு வண்டியில் ஏறினான்.

சாயங்காலத்துக்குள் அது வெறும் கழிவு நூல் என்ற விஷயம் எல்லா டிரைவருக்கும் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை, பட்டு முதலாளி எனக்கு நெய்யக் கொடுத்திருந்த அசல் பட்டு நூலை எடுத்துத் தெருவில் கட்டினேன்.

"அடியே, அது கல்யாணப் பொடவைக்கு வந்தது! அறுந்துட்டா இன்னா பண்ணுவே?" என்று திலகவதி அக்கா பதறினார்.

"அறுந்தா அறுந்துட்டுப் போவுதுக்கா" என்றேன். அபியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.