கீழ்லயத்துக் கூழ்

இருளாயி கூழ்ப்பானையைத் தூக்கித் தலையில் வைத்ததுமே சன்னாசி வாசலை மறித்துக்கொண்டான். கட்டின புருசன்தான், ஆனால் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி பேரைக் கேட்டாலே அவனுக்குத் தொடை நடுங்கும்.

“பெரட்டுல பேர வெட்டிருவாருடி. நாளைக்கு எங்க போயி நிப்போம்?”

“வெட்டட்டும். பால்மரம் இந்தத் தோட்டத்துல மட்டுமா இருக்கு? தாப்பா பக்கம் இல்லையா? நகரு.”

நகர்ந்தான். அவளுக்கும் பயம் இல்லாமலில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடாவிட்டால் வேலை கிடையாது, அரிசி கிடையாது, குடியிருக்கும் லயத்து அறையும் கிடையாது. தெரிந்துதான் கிளம்பினாள்.

விஷயம் இதுதான். மலாயாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். வீட்டுக்கு வீடு காய்ச்சிக் கொண்டுவந்து, கோவில் முன்னால் இருக்கும் பெரிய அண்டாவில் ஊற்றி, ஒன்றாகக் கலக்கி எல்லோருக்கும் வார்ப்பார்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு, மாங்காய் என்று ஆளுக்கொன்று வந்து சேரும். வெள்ளைக்காரத் துரை அன்று அரை நாள் லீவு விடுவார். அந்த அரை நாளுக்காக வருசம் முழுக்கக் காத்துக் கிடக்கும் சனம். ஆனால் இருளாயி போன்ற கீழ்லயத்துக்காரர்கள் மட்டும் கூழ் காய்ச்சக் கூடாது. தாழ்ந்த சாதியாம். கேழ்வரகை மாவாகக் கொடுத்தால் கங்காணி வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். இடித்ததும் சலித்ததும் அதே கைதான். மாவாக இருக்கும்போது இல்லாத தீட்டு, அடுப்பில் ஏறியதும் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்கிறதோ, அம்மனுக்கே வெளிச்சம்.

போன மாதம் மேல்லயமே காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, பானை பானையாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் இருளாயி. கங்காணி அர்ச்சுனனும் இரண்டு கிண்ணம் குடித்தார். காய்ச்சியது யார் கை என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இந்த வருசம் மாவு கேட்டு ஆள் வந்தபோது, “மாவு இல்லை, கூழா வரும்” என்று சொல்லி அனுப்பினாள். கேட்டவன் சிரித்துக்கொண்டே போனான். சிரிக்கட்டும்.

அவள் கோவிலுக்கு வந்தபோது அண்டா பாதிக்குமேல் நிறைந்திருந்தது. கோட்டும் குடையுமாக நின்ற அர்ச்சுனன் அவளைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

“இருளாயி, அங்கயே நில்லு. பானைய எறக்கு.”

“எறக்கத்தான் வந்தேன், கங்காணியாரே.”

சொல்லிக்கொண்டே இரண்டு எட்டில் அண்டாவை நெருங்கிப் பானையைக் கவிழ்த்தாள். கூழோடு கூழாகக் கலந்துவிட்டது. எது மேல்லயம், எது கீழ்லயம் என்று இனி அவரே உட்கார்ந்து பொறுக்கிக்கொள்ளட்டும்.

 அர்ச்சுனன் ஆண்கள் பக்கம் திரும்பினார். “அண்டாவக் கவுத்துங்கடா.”

“காய்ச்சல்ல கெடந்தப்ப எங்கஞ்சியக் குடிச்சீங்களே, அதையும் கவுத்துட்டீங்களா?” என்றாள் இருளாயி. பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

முத்தம்மா முன்னால் வந்தாள். மேல்லயத்துக்காரி, இருளாயிக்கு அடுத்த மர நிரையில் பால் வெட்டுபவள். ஒருநாளும் கங்காணியை எதிர்த்துப் பேசியதில்லை. இப்போதும் அவர் முகத்தைப் பார்க்காமல் அண்டாவைப் பார்த்துத்தான் பேசினாள். “எங்க வீட்டுக் கூழும் இதுலதான் இருக்கு. ஆத்தாளுக்கு ஊத்துனது. கவுக்க விடமாட்டேன்.”

அர்ச்சுனனுக்கு முகம் கறுத்தது. “நாளைக்குப் பெரட்டுல ஒம்பேரு இருக்காது, இருளாயி.”

“நாளைக்குத்தானே. இன்னைக்குக் கூழு.”

  சொல்லும்போது அவள் நெஞ்சுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் அறியாதது.

அர்ச்சுனன் குடையைக் கீழே போட்டுவிட்டு, அண்டாவின் ஒருபக்க வளையத்தைத் தாமே பற்றி இழுத்தார். அது அசையவில்லை. மறுபக்கத்தைப் பார்த்தார். அங்கே நின்ற ஆண்கள் துண்டை உதறினார்கள், வானத்தைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். சன்னாசியும் அவர்களோடு நின்றான்.

இருளாயி நீளக் கரண்டியை எடுத்து, அடிவரை விட்டுக் கலக்கத் தொடங்கினாள். அர்ச்சுனன் பிடித்த வளையத்தை விடாமல் குனிந்தே நின்றார். மறுபக்கத்து வளையம், தொட ஆளில்லாமல், அவள் கலக்கக் கலக்க அண்டாவில் இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.