அரை மணி நேரம் அமைதி வேண்டும்

விடியும் முன்பே நாங்கள் ஷெட்டுக்குள் போய்விடுவோம். இரவு ஷிப்டு ஆட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். தறிகளுக்கு மட்டும் ஓய்வே கிடையாது. நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்ந்து அடிக்கிற அடி முதலில் பாதத்தில் தெரியும், பிறகு முழங்காலில், பிறகு பல்லில். காது அதைக் கேட்பதை என்றைக்கோ விட்டுவிட்டது. பஞ்சுத் தூசு மூக்கில் ஏறும். எண்ணெய் வாடை தொண்டையிலேயே நிற்கும். அறுந்த இழையை முடிந்துவிட்டு நிமிர்ந்தால் பக்கத்துத் தறியில் இன்னொன்று அறுந்திருக்கும்.

நான் தார் சுற்றுகிறவள். நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்றுக்குத் தார் என்று பெயர். என் தங்கை தறி ஓட்டுகிறாள். நிறைமாத வயிற்றை மரக்கட்டை மேல் சாய்த்துக்கொண்டே ஓட்டினாள். பெண் பிறந்து ஒரு மாதம் நிறைவதற்குள் திரும்பி வந்துவிட்டாள். வராவிட்டால் தறி வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஷெட்டுக்குள் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. தோளில் தட்டுவோம், உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வோம். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளையை எழுப்ப வேண்டுமென்றால் உள்ளங்காலைத் தடவுவோம். ஷெட்டுச் சுவரை ஒட்டித்தான் தொட்டில் அறை. அந்தச் சத்தத்தில் எந்தப் பிள்ளை அசையாமல் தூங்குகிறதோ அதைத்தான் நாங்கள் கொண்டாடுவோம். "தறிக்குன்னே பொறந்த பிள்ளை" என்போம். தங்கை மகளுக்கு அந்தப் பட்டம் முதல் நாளே கிடைத்துவிட்டது. பெரியம்மாக்காரி நான் அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் தொப்பிக்காரம்மா வந்தாள். பிறந்த குழந்தைகளின் மூளை சத்தத்துக்கும் தொடுகைக்கும் வெளிச்சத்துக்கும் எப்படிப் பதில் சொல்கிறது என்று அளந்து பார்க்கிறவள். ஒயர்கள் தொங்கும் துணித் தொப்பி ஒன்றைக் குழந்தையின் தலையில் மாட்டுவாள், அதோடு சேர்ந்த பெட்டியில் மூளையின் அசைவு கோடாக ஓடும். அவளைக் கூட்டி வந்தது முதலாளி. துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வரும் நேரம் அது. தொட்டில் அறைக்குப் புதுத் திரை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். தண்ணீர்க் குழாய் கேட்டு வருஷக்கணக்கில் தொங்கியவர்கள் நாங்கள். சும்மா கிடைப்பதைச் சந்தேகப்படாமல் எப்படி இருப்போம்?

எங்களில் பெரிய சந்தேகப் பேர்வழி ஒரு மூத்த தறிக்காரர். எதைச் சொன்னாலும் "அதெப்படி?" என்பார். அதனால் அவர் பெயரே 'அதெப்படி' அண்ணன் என்றாகிவிட்டது.

"அதெப்படி? காசு வாங்காம ஒருத்தி வந்து நம்ம பிள்ளை மண்டையில ஒயரு மாட்டுவா? எந்தப் பிள்ளை பின்னாடி நல்லா உழைக்கும்னு இப்பவே பொறுக்கி எடுக்கிறாங்களோ என்னமோ."

எனக்கும் அப்படித்தான் பட்டது. தங்கை மகளின் முறை வந்தபோது கூடவே போய் ஒட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். தொப்பிக்காரம்மா மெல்லிய தூரிகையால் உள்ளங்காலை வருடினாள். கோடு துள்ளியது. மறுபடி வருடினாள், மறுபடி துள்ளியது. கண்கூடத் திறக்காத பிள்ளை உள்ளேயிருந்து "யாரது?" என்று கேட்டது போல எனக்கு மேல் சிலிர்த்தது. கோபமும் வந்தது. எங்கள் பிள்ளையின் உள்ளே எட்டிப் பார்க்க இவள் யார்?

பிறகு காதில் சின்னக் குழாயைச் செருகி டிக் டிக்கென்று ஒலி கொடுத்தாள். கோடு கன்னாபின்னாவென்று நடுங்கியது. அவள் ஏதோ திருகினாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள், சுவர் அதிர்ந்தது. அவள் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

"என்ன பண்ணீங்க எங்க பிள்ளைய?"

"ஒண்ணும் பண்ணலம்மா. தொட்டா மூளை நல்லாப் பதில் சொல்லுது. சத்தத்துக்குச் சொல்லுதான்னு எனக்குப் பிடிபடல. ஷெட்டு அதிர்ச்சியும் இதுல கலந்துடுது. இன்னும் சில குழந்தைங்களுக்கும் இப்படித்தான். அரை மணி நேரம் அமைதியா இருந்தாத்தான் சரியாச் சொல்ல முடியும். முதலாளிகிட்டயும் சொல்லியிருக்கேன்."

அன்றைக்கு டீ இடைவேளையில் ஷெட்டை மேற்பார்க்கிற மேஸ்திரி ஒவ்வொருவராகத் தோளில் தட்டிச் சொன்னான். அந்தப் பெட்டி பிள்ளைகளின் மூளையை மந்தமாக்குகிறதாம். வேறெங்கோ இப்படித்தான் பிள்ளைகள் கெட்டுப்போயினவாம். முதலாளிக்கு மனசு கேட்கவில்லையாம், அவளைப் போகச் சொல்லிவிட்டாராம்.

நெருப்பு வைத்த பஞ்சு மாதிரி பற்றிக்கொண்டது. முதலில் ஓடியவள் நான். தொட்டில் அறைக்குப் போய், அடுத்த குழந்தையின் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி எறிந்தேன். தொப்பிக்காரம்மா குனிந்து எடுத்துத் தூசியைத் தட்டினாள்.

"பக்கத்துத் தெருவுலதான் தங்கியிருக்கேன். பெட்டி இன்னும் ரெண்டு நாள் என்கிட்ட இருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டில் தங்கை ஒரு காரியம் செய்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, இவ தலைக்குப் பின்னாடி நின்னு கூப்பிடு" என்றாள். கூப்பிட்டேன். கத்தினேன். இரண்டு பாத்திர மூடியை எடுத்து மோதினேன். பிள்ளை பாட்டுக்குத் தன் கைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். தங்கை உள்ளங்காலைத் தொட்டாள். உடனே பிள்ளை முகம் மலர்ந்து திரும்பினாள்.

தறிக்குன்னே பொறந்த பிள்ளை என்று தம்பட்டம் அடித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

விஷயம் வரிசை வீடுகள் முழுக்கப் பரவியது. சத்தத்தில் நன்றாகத் தூங்குகிற பிள்ளை என்று பெருமைப்பட்ட வீடுகள் எல்லாம் மூடியைத் தேடின. எங்கள் வாசலில் கூட்டம் கூடியது. வழக்கம்போல முதலில் வாயைத் திறந்தவர் அண்ணன்தான்.

"அதெப்படி? பிள்ளைக்குக் காய்ச்சல்னா அரை நாள் லீவு தராத மனுஷனுக்குத் திடீர்னு நம்ம பிள்ளைங்க மூளை மேல அக்கறை வருது? கூட்டியாந்தது அவரு. போட்டோ எடுத்தது அவரு. அமைதி வேணும்னு அந்தம்மா கேட்டதும் விரட்டுறதும் அவரு. நாம சந்தேகப்பட்டது சரிதான்யா. ஆளைத்தான் மாத்திப்புட்டோம்."

நான் தொப்பியைப் பிடுங்கிய கையைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதே நானும் தங்கையும் தொப்பிக்காரம்மாவைத் தேடிப் போனோம். "ஷெட்டுச் சத்தந்தான் காரணமா?" என்று தங்கை கேட்டாள்.

"அடிச்சுச் சொல்ல மாட்டேன். வயித்துல இருக்கும்போதே குழந்தைக்குச் சத்தம் போய்ச் சேரும், அது தெரியும். ஒரு குழந்தைய வச்சு எதுவும் சொல்ல முடியாது. எல்லாக் குழந்தையையும் பார்க்கணும்."

பூசி மெழுகாமல் பேசியதால் அவளை எனக்குக் கொஞ்சம் நம்பத் தோன்றியது. கொஞ்சம்தான்.

மறுநாள் காலை தங்கை, நான், அண்ணன் மூவரும் முதலாளி அறைக்குப் போனோம். கதவு சாத்தியதும் என் காதுக்குள் ஏதோ கழன்று விழுந்தது போல இருந்தது. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சுவருக்குப் பஞ்சு மெத்தை. கடிகாரம் நடக்கிற ஓசை கேட்டது. சத்தம் ஆகாது என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"வாங்கம்மா. குழந்தை நல்லா இருக்கா?" என்றார்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தோம். அரை மணி நேரம் தறிய நிறுத்தணும். தொட்டில் அறையில அந்தம்மா எல்லாக் குழந்தையையும் பார்க்கட்டும்" என்றாள் தங்கை.

"அந்த மெஷின் வேணாம்னு தொப்பியப் புடுங்கினதே உங்க அக்காதானே?"

"ஆமா, நான்தான். புடுங்கச் சொன்னது யாருன்னு அப்புறம் யோசிச்சேன்" என்றேன்.

அவர் சிரித்தார். தங்கை பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"பாரும்மா, இதெல்லாம் பிறவிக் கோளாறு. உங்க குடும்பத்துல வேற யாருக்காவது காது மந்தம் உண்டா?"

"எல்லாருக்கும் உண்டு முதலாளி. எல்லாரும் உங்க ஷெட்டுலதான் வேலை பார்க்கிறோம்."

சிரிப்பு நின்றது. மேசை மேலிருந்த பேனாவை இப்படியும் அப்படியும் உருட்டினார்.

"சரி. உன் குழந்தைய நானே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். கார் தர்றேன், செலவு என்னோடது. மத்தவங்ககிட்ட இதப் பத்திப் பேச்சு வேணாம்."

உண்மையைச் சொல்ல வேண்டும், நானாக இருந்தால் அந்த நிமிஷமே தலையாட்டியிருப்பேன். அவள் பிள்ளை, அவள் கஷ்டம், யார் குற்றம் சொல்வார்கள்? தங்கையின் கழுத்தில் பஞ்சுத் துணுக்கு ஒன்று ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"மத்த குழந்தைங்க?"

"அவங்க வந்து கேட்கட்டும், பார்க்கலாம்."

"கார்ல இடம் பத்தாது முதலாளி" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள். ஷெட்டின் இரைச்சல் அவர் அறைக்குள் பாய்ந்தது.

அவள் நேராகத் தன் தறிக்குப் போனாள். கைப்பிடியை இழுத்தாள், தறி நின்றது. பக்கத்துத் தறிக்காரியின் தோளில் தட்டினாள், அதுவும் நின்றது. அந்தத் தட்டல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளை இல்லாதவர்களும் நிறுத்தினார்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களும் நிறுத்தினார்கள். மேஸ்திரி இங்கும் அங்கும் ஓடிக் கையை வீசினான். அவன் ஒரு தறியை ஓடவிட்டால் இரண்டு நின்றன. கடைசியாக அண்ணனின் தறி நின்றது.

பாதத்தின் கீழே தரை செத்தது போல அடங்கியது. எத்தனையோ வருஷம் கழித்து என் மூச்சை நானே கேட்டேன். சிலர் பயந்துபோய்க் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

தொட்டில் அறையில் அழுகை எழுந்தது. சத்தத்திலேயே தூங்கிப் பழகிய பிள்ளைகள் சத்தம் நின்றதும் விழித்துக்கொண்டன. அவற்றைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வாசலுக்கு வந்தார்கள். ஒன்றிரண்டு பிள்ளைகள் மட்டும் விழிக்கவில்லை. எங்களுடையதும் விழிக்கவில்லை.

"தூங்கட்டும், அதுதான் வேணும்" என்றாள் தொப்பிக்காரம்மா. நான்தான் அவளைப் பின்வாசல் வழியாகக் கூட்டி வந்திருந்தேன். தொப்பியை அவள் நீட்ட, பிள்ளையின் தலையில் இம்முறை நானே மாட்டினேன்.

முதலாளி வந்துவிட்டார். "யாரு தறிய நிறுத்தச் சொன்னது? எல்லாரையும் வெளிய தள்ளிடுவேன்!" என்று கத்தினார். தறிச் சத்தத்தில் அவர் உதடு அசைவதைப் பார்த்தே நடுங்கியவர்கள் நாங்கள். அவர் கத்துகிற குரலை இப்போதுதான் கேட்டோம். கீச்சுக் குரல்.

அண்ணன் உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா முதலாளி. குழந்தைக்குப் பரிசோதனை நடக்குது."

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் தொட்டில் அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே டிக் டிக்கென்ற ஒலி காதுக்குழாய்க்குள் போனது. கோடு நடுங்காமல் ஓடியது, மேடு ஒன்றும் இல்லை. ஒலியைக் கூட்டினாள். இல்லை. தங்கை என் கையை நகம் பதியப் பிடித்தாள். இன்னும் கூட்டினாள். கோடு லேசாகத் தலையைத் தூக்கியது. அவள் மறுபடி மறுபடி அதே ஒலியைக் கொடுத்துப் பார்த்தாள்.

"இருக்கு. கொஞ்சமா இருக்கு. நிறையக் குறைஞ்சிருக்கு. மேல பார்க்கணும், மருத்துவம் வேணும்" என்றாள்.

தங்கை அழுதாள், ஆனால் கையை விடவில்லை. வெளியே நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "வயித்துப் பிள்ளைக்காரி இனிமே தறிகிட்ட நிக்கக் கூடாது. சம்பளமும் குறையக் கூடாது. தொட்டிலுக்கு இந்தச் சுவர் கூடாது. இதுக்கு முதலாளி பதில் சொல்ற வரைக்கும் நான் கைப்பிடியத் தொட மாட்டேன்."

"அரை மணி முடிஞ்சுது! போங்க தறிக்கு!" என்றான் மேஸ்திரி.

அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்தார். "அதெப்படி?" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சின்னச் சிரிப்பு ஷெட்டின் கடைசி மூலை வரைக்கும் கேட்டது. யாரும் அசையவில்லை. தொப்பிக்காரம்மா தொப்பியைத் துடைத்துவிட்டு, "அடுத்த குழந்தை" என்றாள்.