அடுத்த அறை

இடுப்பில் அவள் கனக்கிறாள், இரண்டு வயதுக்கு அதிகமில்லாத கனம், லைன் வீடுகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீர்த் தொட்டியோரம் நிற்கிறேன், தகரக் கூரைகள்மேல் வெயில் கொதிக்கிறது, அம்மா வாசலுக்கு வந்து வா என்று கையசைக்கும்வரை இப்படியே நிற்கவேண்டும், எனக்குப் பத்து வயது, தங்கை தாரணி என் கழுத்துக் கயிற்றைச் சப்பிக்கொண்டிருக்கிறாள், உள்ளே அம்மா தனியாக மூச்சு வாங்குவது இங்கே கேட்கிறது, இல்லை, கேட்டிருக்காது, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டிருப்பேன்.

திருப்பூரில் அந்த வீட்டுக்கு ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே பாய், மீதி இடமெல்லாம் கம்பெனியிலிருந்து வரும் பனியன் மூட்டை, அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பிசிறு வெட்டுவாள், தாரணி ஈரக் கையோடு வந்து வெள்ளைத் துணியில் விழுவாள், அவள் வயிற்றில் இருக்கும்போதே அப்பா எங்கோ போய்விட்டிருந்தார், அம்மாவின் கை எப்போது எழும் என்று எனக்குத் தெரியும், கத்தரிச் சத்தம் சட்டென்று நிற்கும், நின்றதும் நானும் எழுவேன், சில நாள் நான் எழுவதற்குள் முடிந்துவிடும், ஒருமுறை தடுப்பூசி போட வந்த நர்ஸ் தாரணியின் முதுகில் பதிந்திருந்த ஐந்து விரலைப் பார்த்துவிட்டார், அதற்குப் பிறகுதான் வியாழன்தோறும் சரோஜினி அக்கா வர ஆரம்பித்தார்.

அடிக்காமல் பிள்ளை வளர்ப்பதை வீட்டுக்கே வந்து சொல்லித்தருகிற அக்கா, அதட்டமாட்டார், கொடுத்த தண்ணீரைக் குடிப்பார், தரையில் உட்கார்ந்து தானும் இரண்டு பனியனுக்குப் பிசிறு வெட்டுவார், பையிலிருந்து படம் எடுத்துக் காட்டுவார், ஒரு படத்தில் திரை போட்ட ஜன்னலருகே ஒரு பெண் கண்மூடி நிற்கிறாள், கோபம் தலைக்கேறினா பாப்பாவப் பத்திரமா உட்கார வெச்சுட்டு அடுத்த ரூமுக்குப் போயிருங்க ருக்குமணி, மனசு ஆறுனதும் வாங்க, அம்மா சிரித்துவிட்டாள், ஏனுங்க்கா, அடுத்த ரூமுன்னா பக்கத்து வீட்டு மாரப்பன் ரூமுக்குத்தான் போகோணும், போனா இந்த லைனே வேற மாதிரி பேசுமுங்க, அக்காவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார், சிரித்து ஓய்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார், அடுப்பு, மூட்டை, கடப்பைக்கல் அலமாரி, கடைசியாக நான், அம்மணி, அம்மா கூப்ட்டா பாப்பாவத் தூக்கிட்டுத் தொட்டிக்கிட்டப் போயிருவியா கண்ணு, போயிருவனுங்க்கா என்றேன், படத்திலிருந்த அந்த அறை நானானேன்.

பலித்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம், மூன்று மாதம் தாரணியின் உடம்பில் ஒரு தடம் இல்லை, அம்மா பிசிறு வெட்டிக்கொண்டே அவளிடம் பேச்சுக் கொடுக்கப் பழகினாள், எல்லாம் பெரியவளாலதானுங்க என்று அக்காவிடம் சொல்வாள், எனக்குப் பெருமை, ஆனால் கூப்பிடுவது நாளுக்கு இரண்டு முறை நான்காகிறது, ஆறாகிறது, சாப்பிட்ட கையோடு ஓடுகிறேன், தூக்கத்திலும் காதைத் தீட்டிக்கொண்டே கிடக்கிறேன், தொட்டியோரம் பாண்டி ஆடும் பிள்ளைகள் என்னைக் கண்டாலே, ஆயா வந்துருச்சு, ஏ ஆயா, ஆட்டத்துக்கு வர்றியா, புள்ளைய இடுக்கிக்கிட்டே நொண்டப்போறியா என்பார்கள்.

அன்று திங்கள், பள்ளி விடுமுறை, பாண்டியில் ஏழாவது கட்டம் வரை வந்துவிட்டேன், அதுவரை நான் அந்தக் கட்டத்தைத் தொட்டதில்லை, அம்மணீ, இவளத் தூக்கிட்டுப் போ, ஒரு கால் அந்தரத்தில் நிற்கிறது, ஆயாவக் கூப்புடறாங்க என்று ஒருத்தி சிரிக்கிறாள், இந்த ஒரு கட்டம், இது மட்டும், அம்மா மறுபடி கூப்பிடுகிறாள், குரல் நடுவில் கிழிகிறது, நான் சில்லைத் தள்ளுகிறேன், மூன்றாவதாக அவள் கூப்பிடவில்லை.

தாரணியின் தலை கடப்பைக்கல் விளிம்பில் பட்டிருக்கிறது என்று யார் யாரோ சொன்னார்கள், என்னை உள்ளே விடவில்லை, சரோஜினி அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்தார், அம்மா போலீஸ்காரம்மாவை ஏறெடுத்தும் பார்க்காமல் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள், நீங்க சொன்ன மாதிரியே கூப்ட்டனுங்க்கா, ரெண்டு தடவ கூப்ட்டனுங்க, அவளுக்குக் கேக்குலீங்க, தூரமா வெளையாடிட்டு இருந்தா, பாவம், சின்னப்புள்ளைதானுங்களே, அக்கா திரும்பி என்னைப் பார்த்தார், அம்மா சிறையிலேயே போய்ச் சேர்ந்தாள், பார்க்கப் போனபோதெல்லாம் என்னிடமும் அதையே சொன்னாள், உனக்குக் கேக்குல அம்மணி, நான் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை, இப்போதும் தொட்டியோரம்தான் நிற்கிறேன், வெறும் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, வாசலில் யாருமில்லை, பத்தடி தூரம்கூட இல்லை அம்மா, இரண்டு முறையும் கேட்டது.