கையை எடுத்துட்டேன்

சோப்புத் தொழிற்சாலை விபத்து விசாரணையில் குச்சியண்ணன் வாயைத் திறந்து சொன்னது ஒரே வாக்கியம்தான்.

"ஆவி அடிச்சுது, கையை எடுத்துட்டேன்."

ஆள் ஒல்லி, அதனால் அந்தப் பெயர். தொட்டியைக் கழுவிவிட்டு ஏணியில் ஏறி வந்த மச்சினனுக்கு மேலே நின்று கை கொடுத்தவர் அவர்தான். அந்த நேரம் பார்த்து எவனோ ஒரு புண்ணியவான் நீராவிக் குழாயைத் திறந்துவிட்டான். குச்சியண்ணன் கையை எடுத்தார். மச்சினன் பதினைந்தடி கீழே விழுந்து, அன்று சாயங்காலமே செத்துப்போனான். குச்சியண்ணன் மனைவிக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரு தம்பிதான்.

விசாரணை அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. குச்சியண்ணன் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல அமர்த்தப்பட்டிருந்த மொழிபெயர்ப்பாளர் அம்மா, 'எடுத்துட்டேன்' என்பதற்குக் கொஞ்சமும் யோசிக்காமல் "வித்ட்ரா" என்றார். வேலையில் கெட்டிக்காரி என்ற பெயர் அவருக்கு உண்டு, அந்த நினைப்பும் உண்டு. அதிகாரி தட்டச்சு செய்துகொண்டார். மறுநாள் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்தானால் போதும், பழி மொத்தமும் குச்சியண்ணன் தலையில்தான். வேலை போகும், வழக்கும் வரும்.

வீட்டுக்கு வந்தும் மொழிபெயர்ப்பாளர் அம்மாவுக்கு அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. கைகழுவக்கூட மறந்து அகராதியை எடுத்துப் புரட்டினார். பின்வாங்குவதற்கு ஆங்கிலத்தில்தான் எத்தனை சொல்! படை பின்வாங்கினாலும் வித்ட்ராதான், கொடுத்த மனுவை வாபஸ் வாங்கினாலும் அதுதான். எல்லாம் தெரிந்தே செய்கிற காரியம். சுரீரென்று சுட்டதும் கை தானாக வருகிறதே, அதற்கு ரிகாயில் என்று தனியாக ஒரு சொல் இருந்தது.

"அவர் எடுத்துட்டேன்னாரு, நீ அதைச் சொன்னே. இதுல உன் தப்பு என்ன?" என்றார் கணவர்.

"சூடு பட்டவன் வேற எப்படிங்க சொல்லுவான்? கை தானா வந்துச்சான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

மறுநாள் காலையில் அதிகாரியிடம் போய், நான் சொன்ன சொல் தப்பாக இருக்கலாம் என்றார். அப்படி ஒப்புக்கொள்ள அவருக்கு நாக்கூசியது. அதிகாரி நல்ல மனிதர். இன்னொரு தடவை கேளுங்கள், அவர் சொல்கிறபடி மாற்றிவிடலாம் என்றார்.

மேசைக்கு எதிரே குச்சியண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நீங்களா கையை எடுத்தீங்களா, இல்ல சூடு பட்டதும் அதுவா வந்துடுச்சா? அதுவா வந்துச்சுன்னா இங்கிலீஷ்ல வேற வார்த்தை இருக்கு. அதைப் போட்டா உங்க மேல தப்பே வராது."

சாட்சிக்கு இப்படி எடுத்துக்கொடுப்பது மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாத காரியம். அது தெரிந்தேதான் சொன்னார். அந்த மனிதர் ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது.

குச்சியண்ணன் வலது கையை மேசைமேல் நீட்டினார்.

"இதுல ஒரு கொப்புளமாவது இருக்கா, பாருங்கம்மா. என் வீட்டுக்காரியும் இதைத்தான் கேட்டா. அப்புறம் என்கிட்ட பேசவே இல்ல."

அம்மா குனிந்து பார்த்தார். ஒரு கொப்புளமும் இல்லை.

"குழாய்ல உஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சும்மா. அது ஆவி வர்ற சத்தம்னு எனக்குத் தெரியும். பயந்துட்டேன். எடுத்துட்டேன். ஆவி அப்புறம்தான் வந்துச்சு." கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். "அவன் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தான். நேத்து நீங்க சொன்ன வார்த்தையே இருக்கட்டும்."

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார்.

தன் மொழிபெயர்ப்பு தப்பாக இருக்க வேண்டுமென்று அம்மா இதற்குமுன் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. எதையும் கூட்டாமல் குறைக்காமல் அத்தனையையும் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி வாக்குமூலத் தாளை எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். குச்சியண்ணன் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.