கிராபிக்குப் போன கட்டுரை

பேராசிரியர் கங்காதரன் மதியம் தயிர்சாதம் சாப்பிட்ட விரல்களைத் தாளில் துடைத்துக்கொள்வாரே தவிர, கழுவ மாட்டார். அதே விரல்களால்தான் அபிகாயிலின் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். மூன்று வருடத்தில் மாங்காய் ஊறுகாய் எண்ணெய் படாத எழுத்து அதில் ஒன்றுகூட மிச்சமில்லை. அவளுடைய பேனா மூடியால் காது குடைந்துவிட்டு அதை அவளிடமே நீட்டுவார். அவளும் வாங்கிக்கொள்வாள். அறையைவிட்டு வெளியே வந்ததும் பேனாவைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு கேன்டீன் பக்கத்துக் கடையில் புதிதாக ஒன்று வாங்குவாள்.

மேடவாக்கம் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவள் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கடலோரத்தில் நிற்கும் சுண்ணாம்புப் பாறையை உப்புநீர் எவ்வளவு வேகத்தில் தின்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. அரியலூரிலிருந்து கற்களை வரவழைத்துக் கண்ணாடித் தொட்டிகளில் நிறுத்தியிருந்தாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கோவளத்துக்குப் போய் கேன்களில் கடல்நீர் பிடித்து வருவாள். கூட ஆய்வக உதவியாளர் அன்பு அண்ணன் வருவார். ஐம்பத்து மூன்று வயது, முதுகுவலிக்காரர். இருவருமாகக் கேன்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றி இறக்குவார்கள்.

ஜூன் மாதம் ஒரு நாள் கங்காதரன் அவளைக் கூப்பிட்டு, "அபி, பாஸ்போர்ட் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"எடுத்துடு. நவம்பர்ல தாய்லாந்து போறோம். கிராபில ஒரு கான்பரன்ஸ். உன் பேப்பர அனுப்பலாம்."

கிராபி என்றதும் அவளுக்குத் தீவுகள்தான் நினைவுக்கு வந்தன. கடலுக்கு நடுவில் செங்குத்தாக எழுந்து நிற்கும் அந்தச் சுண்ணாம்புத் தீவுகளை அவள் நூறு முறையாவது திரையில் பார்த்திருப்பாள். நீர்மட்டத்தில் அலை அறுத்து அறுத்து அடிப்பகுதி குறுகிப்போய், ஒவ்வொரு தீவும் தண்டின் மேல் நிற்கும் காளான் மாதிரி இருக்கும். அவள் தொட்டியில் மில்லிகிராம் கணக்கில் அளந்துகொண்டிருந்தது அங்கே மலை அளவுக்கு நடந்துகொண்டிருந்தது.

சிட்லபாக்கம் வீட்டில் அம்மா புஷ்பத்திடம் சொன்னாள். புஷ்பம் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வெளிநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகிறாள் என்று அடுத்த ஞாயிறே சபையில் அவளை எழுந்து நிற்கவைத்து ஸ்தோத்திரம் சொல்ல வைத்தார். ஆகஸ்டில் பாஸ்போர்ட் வந்தது.

பயண ஏற்பாடுகள் எல்லாம் அபிகாயிலின் தலையில் விழுந்தன. முதலில் அது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எந்தத் தீவுக்கு எப்போது படகு, தண்ணீர் வற்றும் நேரம் எது, எந்தப் பாறையின் அடியை அருகில் போய்ப் பார்க்கலாம் என்றெல்லாம் தேதிவாரியாக எழுதினாள். கங்காதரன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு? மேடமும் வராங்க. படகுல டாய்லெட் இருக்கான்னு கேளு" என்றார்.

கேட்டாள். பிறகு ஓட்டலுக்கு எழுதி, கடல் பார்த்த அறையா என்று கேட்டாள். அறையில் வெந்நீர்க் கெட்டில் உண்டா, வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைப்பார்களா, மெத்தை கெட்டியாக இருக்குமா என்று கேட்டாள். சாருக்கு மூட்டுவலி என்பதால் படகில் ஏற எத்தனை படி என்று கேட்டாள். ஒரு நாள் அவர் தன் கால் விரல் இடுக்கில் வந்திருந்த சேற்றுப்புண்ணை போட்டோ எடுத்து அனுப்பி, 'இதோட கடல் தண்ணில இறங்கலாமா, கூகுள் பண்ணிச் சொல்லு' என்று எழுதினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டை மூடிவைத்தாள். ஆனாலும் தேடிப் பார்த்துப் பதில் அனுப்பினாள். அனுப்பியபின் தன்மேலேயே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

மாநாட்டு நிகழ்ச்சி நிரலும் அவளிடம் வந்தது. காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் கருத்தரங்கு. மற்ற நேரமெல்லாம் தீவுச் சுற்றுலா, ஷாப்பிங், இரவு விருந்து. படித்தபோது மனசுக்குள் ஏதோ உறுத்தியது. அந்த உறுத்தலை அவள் ஒதுக்கித் தள்ளினாள். அவளுக்குத் தீவுகளைப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் முதல் வாரம் கங்காதரன் ஒரு கோப்பை அனுப்பி, மூன்று பிரதி கலரில் எடுத்து வரச் சொன்னார். பிரிண்டரிலிருந்து முதல் தாள் வந்ததும் அபிகாயில் அதைக் கையில் எடுத்தாள். கட்டுரை அவளுடையது. நடுவில் இருந்த புகைப்படத்தில் கல்லைப் பிடித்திருந்த கையும் அவளுடையது. தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். முனைவர் கங்காதரன். திருமதி தையல்நாயகி கங்காதரன்.

தையல்நாயகி அவருடைய மனைவி. சேலையூரில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர்.

தாள்களை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"சார், இதுல என் பேரு இல்லையே."

"இருக்கே. கடைசிப் பக்கம் பாரு."

திருப்பினாள். ஆய்வகப் பணிகளில் உதவிய செல்வி அபிகாயிலுக்கும் திரு. அன்புக்கும் நன்றி என்று ஒரு வரி இருந்தது.

"சார், மூணு வருஷ வேலை சார் இது."

"யாரு இல்லன்னா? காலேஜ்ல ரெண்டு ஆத்தருக்குத்தான் டிராவல் பணம் குடுப்பாங்க. மேடம் இல்லாம நான் எப்படிப் போறது? எனக்கு சுகர். மாத்திரை யாரு எடுத்துத் தருவா? கொஞ்சம் ப்ராக்டிகலா யோசிம்மா. உனக்கு வயசு இருக்கு, இன்னும் பத்து கான்பரன்ஸ் போவ." பல் குத்திய குச்சியை அவள் கொண்டுவந்த தாளின் ஓரத்தில் துடைத்தார். "இன்னொண்ணு. ரெண்டாம் நாள் மேடம் அஞ்சு நிமிஷம் பேசணுமாம். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து கொஞ்சம் சொல்லிக்குடுத்துடு. இங்கிலீஷத் தமிழ்ல எழுதிக் குடுத்தாலே படிச்சிடுவாங்க."

தாளின் ஓரத்தில் ஈரமாக ஒரு கோடு இருந்தது. அபிகாயில் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி சார்" என்றாள்.

வெளியே வந்து கழிப்பறைக்குப் போய்க் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இரண்டு முறை கழுவியும் போகவில்லை. அவரை நினைத்து வந்த அருவருப்பைவிட, தன் வாயிலிருந்து வந்த அந்த 'சரி சார்' அதிகமாகக் குமட்டியது. டிசம்பரில் அவளுடைய பட்ட ஆய்வை மதிப்பிடும் குழு கூடும். அவர் கையெழுத்து இல்லாமல் அது நடக்காது. அதை அவள் மறக்கவில்லை.

சனிக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனாள். கங்காதரன் வெளியே போயிருந்தார். தையல்நாயகி கதவைத் திறந்தார். கழுத்தில் அளவு நாடாவும், விரலில் ஊசி குத்திய தழும்புகளுமாக இருந்தார். மேசையில் ஒரு புது நோட்டுப் புத்தகம், இரண்டு பேனா. முதல் நாள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார்.

"வாம்மா. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. லைம்ஸ்டோன்னா வெத்தலைக்குப் போடற சுண்ணாம்புதான?"

"அந்தக் கல்லச் சுட்டாதான் மேடம் அந்தச் சுண்ணாம்பு வரும்."

"அதுவே எனக்குத் தெரியல பாரு." அவர் சிரிக்க முயன்றார். "அவ்வளவு பேர் முன்னாடி நான் என்னத்தப் பேசுவேன்? உனக்கு மட்டும் பாஸ்போர்ட் கிடைச்சிருந்தா இந்தத் தலைவலியே இல்ல."

அபிகாயிலுக்கு முதலில் புரியவில்லை. "யாருக்கு மேடம்?"

"உனக்குத்தான். ஏதோ அட்ரஸ் ப்ரூஃப்ல பிரச்சினையாம், பாஸ்போர்ட் ரிஜெக்ட் ஆயிடுச்சாம். பாவம் அந்தப் பொண்ணு அழுதுச்சு, அவளே உங்க மேடம் பேரப் போட்டுக்குங்க சார்னு சொல்லிட்டான்னு சொன்னாரே. நான்கூட அந்தப் பொண்ணுக்கு நல்லதா ஒரு ஹேண்ட்பேக் வாங்கிட்டு வரணும்னு சொல்லிட்டிருந்தேன்."

அபிகாயில் பையைத் திறந்தாள். டிக்கெட் வேலைகளுக்காக இரண்டு மாதமாகப் பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்திருந்தாள். எடுத்து அந்தப் புது நோட்டின் மேல் வைத்தாள்.

தையல்நாயகி அதைப் பிரித்தார். படத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். பிறகு மூடி, விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளினார். முகம் கருத்துவிட்டது.

"சீ" என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்கத் தேவையில்லை. "இருபத்தஞ்சு வருஷம் இந்த ஆள் துணியத் துவைச்சிருக்கேன்." கழுத்திலிருந்த அளவு நாடாவை உருவி மேசையில் போட்டுவிட்டு, "நீ ஏம்மா இங்க வந்த? சொல்லிக்குடுக்க எப்படி மனசு வந்துச்சு உனக்கு?" என்று கேட்டார்.

அபிகாயில் பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் போட்டாள். அவர் காபி போடப் போனார். காபி வரும்வரை இருக்க முடியாமல் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அன்று மாலையே மாநாட்டு அமைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதினாள். கட்டுரை தன்னுடையது, தன் அனுமதியில்லாமல் அனுப்பப்பட்டது, திரும்பப் பெற வேண்டும் என்று எழுதினாள். ஏழு நிமிடத்தில் பதில் வந்தது. மதிப்புக்குரிய பேராசிரியர் அபிகாயில் அவர்களே என்று தொடங்கியது. பெயர்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமாம். ஒரு கட்டுரைக்கு ஐந்து பேர்வரை சேர்த்துக்கொள்ளலாமாம். கூட வருகிறவர்களுக்குச் சான்றிதழ் உண்டாம், பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் கட்டணம் பாதியாம்.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இதற்காகவா சபையில் எழுந்து நின்றோம் என்று தோன்றியது. இது பெயருக்கு ஒரு மாநாடு என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்த அன்றே தெரிந்திருந்தது. தெரிந்தும், தீவைப் பார்க்கும் ஆசையில் வாயை மூடிக்கொண்டு படகில் டாய்லெட் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கங்காதரனின் ஊறுகாய் விரலுக்கும் தனக்கும் பெரிய தூரம் இல்லை என்று நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். புஷ்பம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்க முடியாதா அபி? பட்டம் கையில வர்ற வரைக்கும்."

"முடியலம்மா. அந்த ரூமுக்குள்ள போனாலே வாந்தி வருது."

திங்கட்கிழமை கல்லூரியின் ஆய்வு டீனிடம் புகார் கொடுத்தாள். கூடவே மூன்று வருடத்து ஆய்வகக் குறிப்பேடுகளை வைத்தாள். வாராவாரம் அவள் எழுதியதைப் பார்த்ததாகக் கங்காதரனே அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மறுநாள் மாலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. புஷ்பம்தான் எடுத்தார். அபிகாயில் பக்கத்தில் நின்றாள். கங்காதரனின் குரல் வெளியே கேட்டது. பாதிரியார் ஆறுதல் சொல்லும் தொனியில் பேசினார்.

"அம்மா, நான் அபிய சொந்தப் பொண்ணாதான் பாக்கறேன். கொஞ்ச நாளா அவ மனசு சரியில்ல. ஸ்ட்ரெஸ். எதையோ கற்பனை பண்ணிக்கிறா. நல்ல டாக்டரா பாருங்க. கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்கிட்டா அவ எதிர்காலத்துக்கு நல்லது."

புஷ்பம் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"சார், நான் முப்பத்தோரு வருஷம் மூணாங்கிளாஸ் டீச்சர்" என்றார். "பக்கத்துப் பையன் பேப்பரப் பாத்து எழுதினவனப் பிடிச்சா அவனும் இப்படித்தான் சொல்வான். அந்தப் பையனுக்குத்தான் டீச்சர் கிறுக்கு பிடிச்சிருக்குன்னு. ஆனா அவனுக்கு எட்டு வயசு. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க."

வைத்துவிட்டு, ரிசீவரைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

விசாரணைக் குழு இரண்டு முறை கூடியது. டீ, சமோசா, மினிட்ஸ். முடிவு ஒரு பக்கத்தில் வந்தது. ஆசிரியர் பட்டியலில் கவனக்குறைவால் நேர்ந்த எழுத்துப் பிழை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கட்டுரையின் தரவுகள் அபிகாயிலுக்கே சொந்தம் என்றும், அவள் வேறு வழிகாட்டியைத் தேர்ந்துகொள்ளலாம் என்றும் எழுதியிருந்தது. கங்காதரனுக்கு ஓர் அறிவுரைக் கடிதம், அவ்வளவுதான். பயணத்துக்கான அனுமதியை யாரும் ரத்து செய்யவில்லை. புது வழிகாட்டி வேறு கட்டடத்தில் இருந்த செல்வமேரி மேடம். பதிவை மாற்றியதால் அபிகாயிலின் பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். தொட்டிகளையும் கற்களையும் அன்பு அண்ணனும் அவளும் தள்ளுவண்டியில் வைத்து மெதுவாக அந்தக் கட்டடத்துக்கு நகர்த்தினார்கள்.

நவம்பர் நடுவில், மழை விட்ட ஒரு காலை, அன்பு அண்ணன் கைபேசியுடன் வந்தார்.

"இன்னாம்மா, சாரு ஸ்டேட்டஸ் பாத்தியா? தனியாத்தான் போய்க்கீறாரு. அவரு வூட்டம்மா வரலன்ட்டாங்களாம். துறையில அல்லாரும் பேசிக்கினு கீறாங்க."

படத்தில் கங்காதரன் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை போட்டு, வயிறு பிதுங்க, கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு படகில் நின்றார். பின்னால் தீவு. அபிகாயில் விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். பாறையின் அடியை அலை அறுத்த அந்தப் பள்ளம் தெரிகிறதா என்று தேடினாள். சரியாக அந்த இடத்தில் அவருடைய தோளும் வியர்த்த கழுத்தும் இருந்தன. நகர்த்திப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு விரல்கடை அளவுக்கு மட்டும் பாறை தெரிந்தது.

"இன்னும் நாலு படம் கீது. காட்டட்டா?"

"வேணாண்ணா. போதும்."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். செல்வமேரி மேடம் பதினொரு மணிக்கு முதல் இரண்டு அத்தியாயங்களைக் கேட்டிருந்தார். அபிகாயில் தாள்களை அடுக்கினாள். முதல் பக்கத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.