பதினான்காம் பக்கத்தில் இல்லாத வரி

“நீ எழுதினத்த தாம்மா நான் செஞ்சேன். ஒரு எழுத்து மாறல. இந்தா, நீயே பாரு ரிஃபானா.”

பாஸ்கல் அண்ணன் ஜெராக்ஸ் தாள்களை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். என் கையெழுத்து. பதினான்காம் பக்கம். ‘புதிய நகல் எடுத்து முடித்ததும் பழைய குறுந்தகட்டை அழித்து மீண்டும் பயன்படுத்தலாம்.’ அந்த வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

“முதல் சிடியையுமா அழிச்சீங்க?”

“அது தானே ரொம்பப் பழசு? அழிச்சிட்டு மாதா பாட்டு ஏத்திக்கினேன். கோயில் கொடியேத்தத்தன்னிக்கு எங்க தெருவே கேட்டுச்சி.”

மே மாதம் எடுத்த அந்த முதல் சிடியில்தான் நோயாளிகளின் மூன்று வருடப் பதிவுகளும் இருந்தன. பிறகு எடுத்த சிடிகளில் அன்றன்றைக்குச் சேர்ந்தவை மட்டுமே.

திருவொற்றியூரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் நெஞ்சுநோய் கிளினிக் அது. பாஸ்கல் அண்ணன் அங்கே ரெக்கார்ட் கிளார்க். நான் கிண்டியிலிருந்த ஒரு கம்பெனிக்காக, கம்ப்யூட்டரில் இருப்பதை நகலெடுத்து வைக்கும் மென்பொருளின் ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அந்த மென்பொருளைக் கிளினிக்கிலும் போட்டிருந்தார்கள். அச்சுக்குப் போகும் முன், படித்தால் புரிகிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு பிரதி கொடுத்தேன். “தண்ணி மாதிரி கீதும்மா” என்றார். போன செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது.

எனக்குத் தெரியாமல் நடந்த தவறு இல்லை இது. நகலிலிருந்து மீட்க முதல் சிடி வேண்டும் என்றது முப்பத்தோராம் பக்கம். அதை அழிக்கலாம் என்றது பதினான்காம் பக்கம். கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். ‘மூலத்தில் உள்ளதை மட்டும் எழுதவும்’ என்று பதில் வந்தது. எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய ரஷ்ய நாவல்களில் மொழிபெயர்த்தவரின் பெயரைத்தான் முதலில் தேடுவேன். தண்டையார்பேட்டை வெயிலில் எனக்குப் பனி பெய்தது என்றால், யாரோ ஒருவர் தன் சொந்தச் சரக்கைக் கலக்காமல் அதைக் கொண்டுவந்து சேர்த்ததால்தான். அவர்களில் ஒருத்தியாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

சுவரோரப் பெஞ்சில் ராசையா உட்கார்ந்திருந்தார். துறைமுகக் கரி யார்டில் இருபது வருட வேலை. திங்கட்கிழமை அவருக்கு மெடிக்கல் போர்டு. மூன்று வருடமாக மூச்சு குறைந்துகொண்டே வந்ததைக் காட்டினால் கரியிலிருந்து வேறு வேலைக்கு மாற்றுவார்கள். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். மூச்சை ஊதிப் பார்க்கும் மெஷின் துப்பிய சீட்டுகளை ஒன்றுவிடாமல் சேர்த்திருந்தார். ஃபேக்ஸ் தாள் போல வழவழப்பானவை. தகரக் கூரைச் சூட்டில் எழுத்தெல்லாம் மறைந்து வெறும் தாள்களாகியிருந்தன.

“நெஞ்சு கறுத்துச்சி, சீட்டு வெளுத்துச்சி” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது.

“இன்னிக்கு ஒரு தபா ஊதிப் பாக்கலாமா?” என்றேன்.

“ஊதினா இன்னிக்கு நம்பர் தான் வரும். நீ பொறந்ததுல இருந்தே அப்டித்தான்னு சொல்லி அனுப்பிடுவானுங்க.”

பேனாவை எடுத்தேன். பதினான்காம் பக்கத்தில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, ‘முதல் குறுந்தகட்டை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்’ என்று எழுதினேன். கம்பெனி என்ன சொன்னாலும் அச்சுக்கு இப்படித்தான் போகும்.

பாஸ்கல் அண்ணன் எட்டிப் பார்த்தார். “இது இங்கிலீசுல கீதா?”

“இல்ல.”

“இத்த அப்பவே எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?”

ராசையா எழுந்து வந்தார். அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“உன் எழுத்து அச்சு மாதிரி கீது கண்ணு. என் நம்பருங்க எனக்கு மனப்பாடம். மொத வருசம் ரெண்டு புள்ளி ஒம்பது. அப்பால ரெண்டு புள்ளி நாலு. போன தையில ஒண்ணு புள்ளி எட்டு. தேதி கூட சொல்வேன். பொய் இல்ல, மாதா மேல சத்தியம்.”

அவர் சொன்ன எண்கள் சரியா என்று பார்க்க இந்த உலகத்தில் ஒரு இடமும் மீதமில்லை. இருந்த ஒரே இடத்தில் இப்போது பாட்டு இருந்தது.

பாஸ்கல் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் இழுப்பறையைத் திறந்தார். கிளினிக் பெயர் போட்ட தாள் ஒன்றையும் ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

ராசையா அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“மூணே மூணு நம்பர் கண்ணு. எழுதிக் குடேன்.”